விநாடிக்கு ஐம்பது

பியாட்ரிஸ் வீடியோ கேம்ஸ்,
ரோசரி சர்ச் சாலை,
மயிலாப்பூர், சென்னை-4
8.7.1996

மதிப்பிற்குரிய குருபிரசாத் சார் அவர்களுக்கு,

ஜூலை மாத 'விசைத்திரை'யில் நீங்கள் எழுதியிருக்கும் 'வருகிறது புதிய தலைமுறை' கட்டுரையை மூன்று முறை படித்தேன். தீபாவளிக்குள் வரப்போகும் கேம் மெஷினில் விநாடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது தனித்தனிப் படம், ஓடும், கார் எண்ணெயில் வழுக்குவது போலப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், இப்போது என் கடையில் இருக்கும் மெஷினைப் பற்றியும் இதே அறுபதைத்தான் எழுதினீர்கள். அந்த வழுக்கலை இங்கே நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையை ஆரம்பித்தது என் தம்பி. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும், "ரெண்டே மாசம் பாத்துக்கோக்கா, வித்துடலாம்" என்று சொல்லி நான்கு மெஷினையும் நான்கு டி.வி.யையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன். மற்ற நேரமெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகை ஜூன் மாதம் ஒரு கார் பந்தயப் போட்டி வைத்தது. 'கடலோரச் சுற்று' பாதையை மூன்று முறை சுற்றி, கடைசியில் திரையில் தெரியும் நேரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். என் கடையிலிருந்து ஜைதூன் பீ அனுப்பினார். பக்கத்துக் கடையில் தையல்காரர், வயது நாற்பத்து நான்கு. மதியம் இரண்டு மணிக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து அரை மணி ஓட்டுவார். அவருடைய நேரம் ஒரு நிமிடம் முப்பது விநாடி. நீங்கள் பத்தொன்பதாவது இடம் கொடுத்து, பெயரை 'செல்வன் ஜைதூன்' என்று போட்டிருக்கிறீர்கள். முதலிடம் அடையாறு காந்தி நகர் சாய்நாத், ஒரு நிமிடம் பதினெட்டு விநாடி.

செல்வன் விஷயத்தை விடுங்கள், அவர் சிரித்துவிட்டார். பன்னிரண்டு விநாடிதான் எனக்கு இடிக்கிறது. ஜைதூன் அக்கா ஓட்டும்போது கார் ஒரு முறைகூடச் சுவரில் உரசாது. வளைவில் வேகம் குறையாது. நான் பின்னால் நின்று நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டத்தில் குறைக்க ஒரு விநாடிகூட இல்லை. அப்படியானால் அந்தப் பையனின் போட்டோ பொய்யாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் வேறாக இருக்க வேண்டும். பொய் என்று நான் சொல்லவில்லை. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பியாட்ரிஸ் பவுல்சாமி

*

'விசைத்திரை' மாத இதழ்,
தியாகராய நகர், சென்னை-17
16.7.1996

திருமதி பியாட்ரிஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'செல்வன்' என்பது அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழை. வருந்துகிறோம்.

மற்றவற்றுக்கு என் பதில். மனிதக் கண் விநாடிக்கு இருபத்து நான்கு படங்களுக்கு மேல் பிரித்தறியாது. சினிமா அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. எனவே அறுபது ஃபிரேம் ஓடும் மெஷினில் ஏதோ குறைவதாகத் தங்களுக்குத் தோன்றினால், அது டி.வி. பழையதாக இருப்பதால் இருக்கலாம்.

பன்னிரண்டு விநாடி வித்தியாசத்துக்குத் திறமை என்ற எளிய காரணம் இருக்கும்போது மெஷினைக் குறை சொல்வது சரியல்ல. செல்வன் சாய்நாத் கிண்டி பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவர். அந்த வயதின் அனிச்சை வேகம் நம் போன்றோருக்கு வராது. தையல் வேலைக்கு நடுவே ஒரு பெண்மணி பத்தொன்பதாவது இடம் வரை வந்ததே பாராட்டுக்குரியது. அவருக்கு என் வாழ்த்தைத் தெரிவிக்கவும்.

போட்டியின் முடிவில் மாற்றமில்லை.

அன்புடன்,
குருபிரசாத்

*

மயிலாப்பூர்
2.8.1996

குருபிரசாத் சார் அவர்களுக்கு,

உங்கள் வாழ்த்தை ஜைதூன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பெரிய மனுஷரு, எழுதிட்டாரு, வுடுங்க" என்றார். நான் விடவில்லை.

போன சனிக்கிழமை ஒரு இளைஞர் கடைக்கு வந்தார். "இங்க ஜைதூன்னு ஒருத்தர் நம்ம போட்டியில கலந்துண்டாராமே, பார்க்கலாமா?" என்றார். முதலிடம் வாங்கிய அதே சாய்நாத். பட்டியலில் மயிலாப்பூர் என்று ஒரே ஒரு பெயர் இருந்ததால் தேடி வந்தாராம். நான் அக்காவைக் கூப்பிட்டேன். கழுத்தில் அளவு டேப்புடன் வந்த அக்காவைப் பார்த்து அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நல்ல பிள்ளை.

என் மெஷினில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முதல் வளைவிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆன்ட்டி, உங்க கார் ஏன் தூங்கறது?"

ஐந்து முறை ஓட்டினார். அவரால் ஒரு நிமிடம் முப்பத்து நான்குக்குக் கீழே வர முடியவில்லை. அக்கா உட்கார்ந்து ஒன்று முப்பதில் முடித்தார். சாய்நாத் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் மதியம் ஆட்டோவில் தன் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷின் அது. நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியும் கூடவே. என் டி.வி.யில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது, அதுவும் நிற்காமல் மேலே மேலே உருண்டது.

கச்சேரி ரோட்டில் டி.வி. ரிப்பேர் செய்யும் கபாலியைக் கூப்பிட்டேன். அவர் பின்னால் ஒரு திருகைத் திருப்பிப் படத்தை நிறுத்தினார்.

"இன்னாம்மா, அமெரிக்கா மெஷினா இது? அதான் உருளுது. அந்த ஊரு டி.வி. ஒரு செகண்டுக்கு அறுபது தபா படம் வரையும். நம்ப டி.வி. அம்பது தபாதான். கரண்டே அப்டித்தான் கீது."

"அப்ப எங்க மெஷின்?"

"உங்க மெஷின் நம்ப டி.வி.க்குன்னு செஞ்சது. அம்பதுதான் ஓடும். அறுபதுன்னு எவன் சொன்னான்?"

எவர் சொன்னார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இதற்குள் சாய்நாத் பந்தயத்தை ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணைவிடக் காது பழக்கம். அவர் மெஷினிலிருந்து வந்த பாட்டு அதே பாட்டு, அதே சுருதி, ஆனால் ஓட்டம் வேறு. வீட்டுக்குப் போய், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை எடுத்து வந்தேன். அவர் மெஷினில் அந்தப் பாட்டு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு அடி. என் மெஷினில் நூற்று இருபது. நான்கு மெஷினிலும் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் நூற்று இருபது.

சாய்நாத் அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டார். ஆறு அடி போக வேண்டிய நேரத்தில் ஐந்து அடிதான் போகிறது. அறுபதுக்கு ஐம்பது. பாட்டு மட்டுமல்ல, காரும் அப்படித்தான். "ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார் இவ்ளோ தூரம் நகரணும்னு எழுதியிருக்கான் ஆன்ட்டி. ஃபிரேம் குறைஞ்சா கார் மெதுவாத்தானே போகும்? நம்ம ஊருக்கு விக்கறச்சே மூலையில இருக்கற கடிகாரத்தை மட்டும் திருத்தியிருக்கா. காரைத் திருத்தலை."

அக்காவின் தொண்ணூறு விநாடியை அந்தக் கணக்கில் போட்டால் எழுபத்தைந்து வருகிறது. சாய்நாத்துடையது எழுபத்தெட்டு. கணக்கைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையே சொன்னது: "அப்ப ஃபர்ஸ்ட் நான் இல்லையே ஆன்ட்டி."

இருபத்து நான்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்று எழுதினீர்கள். தெரியாமல் இருக்கட்டும். காதுக்குத் தெரிகிறது, கடிகாரத்துக்குத் தெரிகிறது. புதிய தலைமுறை மெஷின் விநாடிக்கு அறுபது என்று மறுபடி எழுதியிருக்கிறீர்களே, அது எந்த ஊரில்?

பியாட்ரிஸ் பவுல்சாமி

*

தியாகராய நகர்
12.8.1996

திருமதி பியாட்ரிஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை பதில் எழுதினேன், கிழித்தேன். இது மூன்றாவது.

நூற்று நாற்பத்து நான்கும் நூற்று இருபதும் சரி. நம் ஊரில் ஐம்பதுதான் ஓடும் என்பதும் சரி. அதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் தங்களோடு நான் உடன்படவில்லை. எழுபத்தைந்து என்பது காகிதத்தில் வந்த நேரம். மெதுவாக ஓடும் மெஷினில் வளைவு மெதுவாக வருகிறது. யோசிக்கவும் கையைத் திருப்பவும் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. அந்த அம்மையார் வேகமான மெஷினில் அதே சுத்தத்தோடு ஓட்டுவார் என்பதற்குக் கணக்கு சாட்சி ஆகாது. இருவரும் ஒரே மெஷினில் ஓட்டினால் ஒழிய நான் பட்டியலை மாற்ற முடியாது. இதில் தங்களுக்குக் கோபம் வந்தாலும் நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதிய மெஷின் பற்றி விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பதில் வராமல் 'ஐம்பது' என்று அச்சிட எங்கள் ஆசிரியர் ராமானுஜம் தயங்குகிறார். பின் அட்டை விளம்பரம் அவர்களுடையது. தங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

குருபிரசாத்

*

மயிலாப்பூர்
20.8.1996

குருபிரசாத் சார்,

உங்கள் கடிதத்தின் முதல் பாதி எனக்குப் பிடித்தது. ஒரே மெஷினில் ஓட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னது நியாயம். நான் அதை யோசிக்கவில்லை, கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

சாய்நாத்தின் மெஷினில் அக்காவை உட்கார வைத்தேன். முதல் வளைவில் சுவர். இரண்டாவது வளைவில் சுவர். மூன்று சுற்றும் முடிய ஒரு நிமிடம் நாற்பத்தொன்று ஆனது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "இது ஓடலம்மா, பறக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் தைத்த ஜாக்கெட்டில் கை மாறிப் போயிற்று. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் கிளறாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்குச் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருப்பார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவரே வந்தார். "அந்தப் பறக்கற மெஷினப் போடுங்க" என்றார். சாய்நாத் தனக்குப் பரீட்சை வருகிறது என்று சொல்லி மெஷினை ஒரு மாதம் இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எதிராளியின் கையில் தன் மெஷினை விட்டுப் போகிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. விளம்பரம் என்று எழுதி, புரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புரியவில்லை. உங்கள் கட்டுரையை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் காட்டி, "அறுபது எப்ப வரும்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். உங்களை யாரும் கேட்பதில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எந்த மெஷின் இருக்கிறது? ஒரு நாள் அதில் உட்கார்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே. இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு இங்கே வாருங்கள். பூசை முடிந்து பத்து மணிக்குக் கடையைத் திறந்துவிடுவேன்.

பியாட்ரிஸ்

*

சைதாப்பேட்டை, சென்னை-15
1.9.1996

பியாட்ரிஸ் மேடம் அவர்களுக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு தங்கள் கடைக்குத்தான் கிளம்பினேன். நந்தனம் சிக்னல் தாண்டி மழைத் தண்ணீரில் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல், எட்டு வாரம் மாவுக்கட்டு. பயப்பட ஒன்றுமில்லை.

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டில் எந்த மெஷினும் இல்லை. இருந்ததும் இல்லை. நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். எட்டு வருடமாக மாலையில் 'விசைத்திரை'க்கு எழுதுகிறேன். அமெரிக்கப் பத்திரிகைகள் இரண்டு மூன்று மாதம் தாமதமாக வரும். அவற்றை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவர்கள் அறுபது என்று எழுதினார்கள், அவர்கள் ஊருக்கு அது உண்மை. நான் அதை அப்படியே தமிழில் எழுதினேன். கையில் ஜாய்ஸ்டிக் பிடித்தது மொத்தம் இரண்டு முறை, இரண்டும் கடையில் நின்றபடி. படிப்பவர்கள் என்னை நிபுணர் என்று எழுதினார்கள். நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். தங்கள் முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலின் நகலை நேற்று எடுத்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது. அந்த அம்மையாரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

மாவுக்கட்டோடு உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். தலைப்பு, 'ஐம்பதா அறுபதா?' தங்கள் பெயர், தங்கள் அளவுகள், கபாலி அவர்கள் சொன்னது, என் தவறு எல்லாம் அதில் உண்டு. வெட்டாமல் போடுவதானால் போடலாம், இல்லையென்றால் என் பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ராமானுஜம் சாரிடம் ஆளனுப்பிச் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றுக்கு ஒப்புக்கொண்டார். வரும் இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு காலை தி. நகரில் ஒரு மண்டபத்தில் விநியோகஸ்தர் புதிய மெஷினைக் காட்டப் போகிறார். அங்கேயே ஜைதூன் பீ அவர்களும் சாய்நாத்தும் ஒரே மெஷினில் ஓட்டலாம். என்னால் வர முடியாது. புதிய மெஷின் எப்படி ஓடுகிறது என்று எனக்காகப் பார்த்து எழுதுவீர்களா? மெட்ரோனோமை எடுத்துப் போங்கள்.

குருபிரசாத்

*

மயிலாப்பூர்
23.9.1996

அன்புள்ள குருபிரசாத் சார்,

கால் எப்படி இருக்கிறது? நேற்று நடந்ததை விட்டுப்போகாமல் எழுதுகிறேன். படுத்தபடி படியுங்கள்.

மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. மேடையில் இரண்டு பெரிய டி.வி. ஒன்றில் புதிய மெஷின். இன்னொன்றில் அதே பந்தயத்தை வெளிநாட்டில் பதிவு செய்த வீடியோ கேசட் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. படம் அழகு, சார். அதை மறைக்கக் கூடாது. கார் நிஜக் கார் மாதிரி உருண்டையாக இருந்தது, கண்ணாடியில் மேகம் தெரிந்தது. நானே ஒரு நிமிடம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெட்ரோனோம் உதவவில்லை. புதிய மெஷினில் பாட்டு சி.டி.யிலிருந்து வருகிறது, அதனால் அதன் ஓட்டம் எந்த ஊரிலும் மாறாது. நான் முழித்தபோது சாய்நாத்தான் காட்டினார். யாரும் தொடாமல் விட்டால் மெஷின் தானே ஒரு காரை ஓட்டிக் காட்டுகிறது. கேசட்டில் இருப்பதும் அதே கார், அதே பாதை, அதே ஓட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் தெரிந்துவிடும் என்றார்.

விநியோகஸ்தரின் ஆள் டை கட்டிக்கொண்டு மைக்கில் பேசினார். விநாடிக்கு அறுபது, வீட்டுக்குள் அமெரிக்கா என்றார். கேள்வி உண்டா என்றதும் நான் கையைத் தூக்கினேன்.

"பக்கத்துல ஓடற கேசட்டையும் இந்த மெஷினையும் ஒண்ணா ஆரம்பிச்சுக் காட்டறீங்களா?"

அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே செய்தார். இரண்டு காரும் ஒன்றாகக் கிளம்பின. முதல் வளைவிலேயே கேசட் கார் முந்தியது. சாய்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணினார். கேசட் கார் ஐம்பது விநாடியில் கோட்டைத் தொட்டது. மேடையிலிருந்த மெஷின் கார் அறுபதில் வந்து சேர்ந்தது. கடைசிப் பத்து விநாடி, காலியான ரோட்டில் அது தனியாக வந்துகொண்டே இருந்தது.

"டி.வி. சிஸ்டம் அப்படி மேடம். இந்தியாவுல எல்லாருக்கும் அப்படித்தான்."

"தெரியும் சார். எங்க டி.வி. மேல எனக்கு வருத்தம் இல்லை. பெட்டி மேல ஐம்பதுன்னு போடுங்க. தெரிஞ்சு வாங்கறோம்."

நான் அவ்வளவுதான் பேசினேன். பின்வரிசையில் யாரோ கை தட்ட, மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். டை கட்டியவர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்து பந்தயம். சாய்நாத்தின் மெஷினை அதற்கேற்ற டி.வி.யில் மாட்டி, கலரோடு காட்டினார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு, அதில் சிறந்த நேரம் கணக்கு. சீட்டுக் குலுக்கியதில் சாய்நாத் முதலில். ஒன்று பத்தொன்பது, ஒன்று பதினெட்டு, கடைசியில் ஒன்று பதினேழு. அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் குறைவு. கல்லூரி நண்பர்கள் விசிலடித்தார்கள்.

அக்கா மேடையேறியதும் கீழே ஒரு சலசலப்பு. ஒருவன், "அம்மாக்கு பிரேக் எங்க கீதுன்னு காட்டுங்கப்பா" என்றான். அக்கா காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். முதல் ஓட்டம் ஒன்று இருபத்திரண்டு, ஒரு இடத்தில் சுவர் உரசியது. இரண்டாவது ஒன்று பதினெட்டு. "இன்னும் ரெண்டு விநாடி குறையணுமே" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற கபாலி, "டென்சன் ஆவாதம்மா, அவங்க இன்னும் ரோட்ட அளவெடுத்துக்கினு கீறாங்க" என்றார்.

மூன்றாவது ஓட்டத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கார் எங்கும் அவசரப்பட்ட மாதிரியே இல்லை. ஒவ்வொரு வளைவும் அது வருவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. கடைசிச் சுற்றில் விசிலடித்த பையன்களே எழுந்து நின்றார்கள். கோட்டைத் தாண்டியதும் திரையில் ஒரு நிமிடம் பதினைந்து என்று வந்தது. காகிதத்தில் போட்ட அதே எழுபத்தைந்து.

முதலில் கை தட்டியது சாய்நாத்தான். மேடைக்குப் போய், "எப்படிம்மா?" என்று கேட்டார்.

"தைக்கறப்ப நான் ஊசியப் பாக்க மாட்டேன் தம்பி. துணி வர்ற எடத்தப் பாப்பேன். மொத நாளு இந்த மெஷினு வேகத்துல பயந்து காரையே பாத்துக்கினு இருந்தேன், முட்டிக்கிச்சு. அப்பறம் காரப் பாக்கறத வுட்டுட்டேன்."

உங்கள் ராமானுஜம் சார் மேடையில் வந்து, ஜூன் போட்டியின் முதலிடம் திருமதி ஜைதூன் பீ என்று மைக்கில் சொன்னார். சாய்நாத் இரண்டாமிடம். பிறகு என்னைத் தனியே அழைத்து, "குருபிரசாத் எழுதின கட்டுரையை வச்சிண்டு மூணு வாரமா முழிச்சிண்டிருக்கேன்" என்றார். முடிவு எடுத்துவிட்டவர் போல அவர் முகம் நிம்மதியாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். உங்கள் மன்னிப்பைச் சொன்னேன். "அவருக்குக் கால் சரியாவட்டும், ஒரு நல்ல சட்ட தச்சுத் தரேன்" என்றார்.

பியாட்ரிஸ்

*

சைதாப்பேட்டை
17.10.1996

அன்புள்ள பியாட்ரிஸ் மேடம்,

தங்கள் கடிதத்தை என் மனைவி எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு நானே இருமுறை படித்தேன். எழுபத்தைந்து வந்த இடத்தில் மாவுக்கட்டை மறந்து எழுந்துவிட்டேன், திட்டு வாங்கினேன்.

அக்டோபர் இதழ் இதனுடன் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையில் ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. பின் அட்டையைப் பாருங்கள், விளம்பரம் இல்லை. அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ராமானுஜம் சார் அந்த இடத்தில் தங்கள் கடிதத்தையே, தி. நகர் மண்டபத்தில் நடந்தது முழுவதையும், பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். முன்கூட்டிக் கேட்காததற்கு மன்னிக்கவும். இதழ் நான்கே நாளில் கடைகளில் தீர்ந்து, மறுபடி அச்சடிக்கிறார்கள். எங்கள் பத்திரிகை வரலாற்றில் இப்படி நடந்ததில்லை.

வாசகர் கடிதம் இருநூறுக்கு மேல். பாதிப்பேர் எங்களுக்கு எழுதவில்லை, விநியோகஸ்தருக்கு எழுதி நகலை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இங்கு விநாடிக்கு ஐம்பது' என்று ஒட்டப் போகிறார்கள். அதைவிட முக்கியம், கார் பந்தயமும் இன்னொரு விளையாட்டும் நம் ஊருக்கென்று திருத்தப்பட்டு வருகின்றன. படம் ஐம்பதே ஓடினாலும் காரின் வேகம் குறையாது. வெளிநாட்டில் ஐம்பது விநாடியில் முடிவது இங்கும் ஐம்பதில் முடியும். நவம்பர் இதழுக்கு அவர்களே விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஐம்பது என்று இருக்கிறது.

ஒரு விண்ணப்பம். புதிய மெஷின்கள் பற்றிய பகுதியை இனி நான் மட்டும் எழுதப் போவதில்லை. தாங்கள் அளந்து எழுத வேண்டும், தங்கள் பெயரில். நான் எழுத்துப் பிழை மட்டும் பார்க்கிறேன். மறுக்காதீர்கள்.

நாளை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள்.

குருபிரசாத்

*

மயிலாப்பூர்
15.11.1996

அன்புள்ள குருபிரசாத் சார்,

நீங்கள் தடியோடு வந்து, இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒரு தடவைகூடக் கோட்டைத் தொடாமல் போனது இந்தத் தெருவில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அக்கா உங்களுக்குக் கொடுத்த சட்டை பொருந்தியதா?

தீபாவளிக்கு முதல் நாள் புதிய மெஷின் வந்தது. பெட்டியில் ஐம்பது ஒட்டியிருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். திருத்தி வந்த கார் பந்தயத்தை, விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்கிய அந்த வெளிநாட்டுக் கேசட் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். இரண்டு காரும் கடைசி வளைவு வரை ஒட்டிக்கொண்டே வந்து ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. கடையில் இருந்த அத்தனை பேரும் சத்தம் போட்டதில் எதிர்வீட்டு மாடியிலிருந்து என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

முதல் கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். திருத்துங்கள், ஆனால் எண்ணை மாற்றாதீர்கள். கபாலி தன் வி.சி.ஆரைக் கொண்டுவந்தார். ஓட்டத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி, நானும் சாய்நாத்தும் மூன்று மதியம் எண்ணினோம். டி.வி. ஐம்பது தடவை வரைந்தாலும், மெஷின் புதிதாகப் படம் கொடுப்பது இருபத்தைந்துதான். நாலைந்து கார் ஒன்றாக வந்தால் பதினேழாகக் குறைகிறது. மழைக் காட்சியிலும் அப்படியே. வேகம் சரி, அழகு நிஜம், ஆனால் எண்ணெய் வழுக்கல் கிடையாது. அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதினால் கூட்டம் குறையுமோ என்று ஒரு நாள் யோசித்தேன். அந்தத் தாளைக் கடைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். படித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். "பதினேழு எங்க வருதுன்னு காட்டுங்கக்கா" என்று கேட்டு, அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நேற்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. இசக்கியம்மாள் என்பவர் எழுதியிருக்கிறார். அவரும் இரண்டு மெஷின் வைத்து ஒரு சின்னக் கடை நடத்துகிறாராம். பத்திரிகையில் என் பெயரைப் பார்த்து விலாசம் கேட்டு வாங்கியிருக்கிறார். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், விளம்பரம் ஒன்று சொல்கிறது, நீங்கள் எண்ணிப் பார்த்துச் சொன்னால் வாங்குகிறேன் என்று நான்கே வரி.

அட்டையைச் சுவரில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அப்புறம் பதில் எழுதினேன்: 'எண்ணிவிட்டேன் அம்மா. இருபத்தைந்து, சில இடத்தில் பதினேழு. தைரியமாக வாங்குங்கள்.'

பியாட்ரிஸ்